முதலைப் பங்காளிகளைச் சேர்த்துவைத்த விவரம்

பிரியமுள்ள மச்சானுக்கு, உங்கள் அக்காள் புருஷன் வணக்கத்துடன் சொல்லச் சொல்ல, உங்கள் அக்காளே கைப்பட எழுதுவது. நானும் அவளும் நலம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. உங்கள் வீட்டில் மனுஷர், மாடு, ஓயாமல் ரிப்பேராகும் அந்த மோட்டார் எல்லாம் சுகந்தானே?

நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலைக்கு ஒரு சின்ன இடைஞ்சல். மூன்று நாளில் எழுத்து மூலமாகப் பதில் தராவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். பயப்படாதீர்கள், தப்பு அவர்கள் பக்கம். நிதானமாகவே சொல்கிறேன், அவசரப்பட்டால் எனக்குக் கதை வராது.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் கல்லாகிப்போன எலும்புகளை வைத்திருக்கும் அறையைத் தூசி தட்டுவதுதான் என் வேலை. அதைக் கவனிக்கும் ஆராய்ச்சிக்கார அம்மாவை எலும்பு அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம், அவரும் கோபிப்பதில்லை. முதல் நாளே கேட்டேன்.

"இதெல்லாம் முதலையோட தாத்தனுங்களாம்மா?"

"தாத்தா இல்லைங்க, தாத்தாவோட பங்காளிங்க. நீளக் கால், தரையில ஓடித் திரிஞ்சதுங்க. அந்த வம்சம் அதோட அத்துப்போச்சு."

"பேர் சொல்ல ஒரு பிள்ளைகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, மச்சான். வம்சம் அற்றுப்போவது என்றால் சும்மாவா?

இப்படி இருக்க, முதல் பீரோவில் பெரிய தாடைகள். இரண்டாவது பீரோவில் அதே ஜாடையில் குட்டித் தாடைகள். அவை ஒரு குடும்பம், இவை வேறொரு குடும்பம் என்று அம்மா தனித்தனிச் சீட்டு கட்டிவைத்திருக்கிறார். ஒருநாள் குட்டித் தாடை ஒன்றைத் துடைக்கும்போது வாய்க்குள்ளே பார்த்தேன். நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்த கை, வாயைக் கண்டால் திறக்காமல் இருக்குமா? ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடைப் பல் முளைத்ததா என்று இருட்டில் தடவியே வயசு சொல்பவன் நான். வாத்தியாருக்கு வாங்கிக் கொடுத்த அந்த ஒரு பசுதான் கிழமாகப் போயிற்று. அது என் தப்பில்லை, பார்க்கும்போது அது வாயை மூடிக்கொண்டது. எங்கே விட்டேன்? ஆங், குட்டித் தாடை. உள்ளே பழைய பல்லை முட்டிக்கொண்டு புதுப் பல் முளைக்கிறது! கன்று, மச்சான், சுத்தமான கன்று! பெரியது தாய், சின்னது பிள்ளை. தாயை ஒரு பீரோவிலும் பிள்ளையை ஒரு பீரோவிலும் பூட்டி வேறு வேறு குடும்பம் என்று எழுதிவைத்தால் அந்த வம்சம் எப்படி விளங்கும்?

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அம்பத்தேழு குட்டிகளையும் பெரிய பீரோவுக்கு மாற்றி, ஒவ்வொரு தாய்க்குப் பக்கத்திலும் ஜாடை பார்த்து வைத்தேன். சீட்டுகளை அவிழ்த்து, ஒன்றுகூடத் தொலையாமல், ஒரே கட்டாகக் கட்டி மேசைமேல் வைத்தேன். எலும்பு அம்மா வந்து பார்த்துவிட்டு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் என்றுதான் நினைத்தேன்.

"யாருங்க இப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. பல்லு சொல்லிச்சு."

அவர் எட்டு வருஷமாக, இது தனிக் குடும்பம் என்று ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாராம். முதலிலேயே என்னைக் கேட்டிருந்தால் எட்டு வருஷம் மிச்சம். ஆகையால் நீங்கள் வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு வந்து, மேலதிகாரியிடம் கண்டிப்பாக ரெண்டு வார்த்தை பேசி, ரெண்டு குடும்பத்தையும் ஒன்று என்று புத்தகத்தில் திருத்தச் சொல்ல வேண்டும். அம்மா என்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டாம், நான் பெரிய மனசு பண்ணிவிட்டேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுசோடு, வாய் நிறையப் பல்லோடு வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு, உங்கள் அன்பு மாமா.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. மாமா பக்கத்தில் இல்லை. இதைத் தபாலில் போடாமல் நிறுத்திவைத்து, நானே போய் எலும்பு அம்மாவைப் பார்த்து, வேலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டேன். "மாட்டுக்கு ஒரு தடவைதான் பல்லு விழும்க்கா. இதுங்களுக்குச் சாகுற வரைக்கும் விழுந்து விழுந்து முளைக்கும். வாயைப் பார்த்து வயசு சொல்ல முடியாது" என்றார். எலும்பிலும் நம்பர் எழுதியிருக்கிறதாம், சீட்டுகளை ஒரே நாளில் திரும்பக் கட்டிவிட்டார்கள். ஆனால் இவை குட்டிகளோ என்ற இதே சந்தேகத்தை வெளியூர்ப் பெரிய படிப்பாளிகளும் கேட்டிருந்தார்களாம். எலும்பை அறுத்துப் பார்க்க மேலதிகாரி இத்தனை நாள் விடவில்லை. மாமா கிளப்பிய கலாட்டாவில் சம்மதித்துவிட்டார். அந்தக் குட்டித் தாடைகளோடு கிடைத்த கால் எலும்பு ஒன்றைச் சீவிப் பார்த்தால், மரத்தில் இருப்பது போல வளையம் வளையமாக வருஷக்கணக்கு. குட்டியே இல்லையாம், நன்றாக வாழ்ந்து முடித்த கிழமாம்! தனிக் குடும்பம்தான் என்று நிச்சயமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவே மேலதிகாரியிடம் பேசி, மாமாவின் வேலையைக் காப்பாற்றிவிட்டார். பீரோச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நீ வர வேண்டாம்.

மாமாவையும் கூப்பிட்டு அந்த வளையங்களைப் பூதக்கண்ணாடியில் காட்டினார்கள். ஒரு கண்ணை மூடி ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "கிழம்னு நான் அப்பவே சொன்னேனேம்மா, நீங்கதான் கேக்கல" என்றார்.