உள்ளங்கைப் பனங்கட்டி

உயர்தரப் பிள்ளையளுக்கு அளவையியல் எண்ட தர்க்கப் பாடம் படிப்பிக்கிறவன் நான். என்ரை மனிசி இராசமலரை வாதத்திலை ஒருக்காவெண்டாலும் வெல்லுறதெண்டு முடிவெடுத்தன். விசயம் பனங்கட்டி.

இணுவிலிலை எங்கடை வீட்டிலை தேத்தண்ணிக்குச் சீனி போடுறேல்லை. உள்ளங்கையிலை பனங்கட்டித் துண்டை வைச்சுக் கடிச்சுக் கடிச்சுத்தான் குடிக்கிறது. அதில்லாட்டி அது சுடுதண்ணி. எனக்குச் சலரோகம் எண்ட டொக்டர், இனிப்பைக் கொஞ்சமாச் சாப்பிடச் சொன்னார். என்ரை அப்பருக்குச் சலரோகத்திலை கால் போனதைப் பாத்தவள் இராசமலர். வீட்டை வந்த உடனை பனங்கட்டி இருந்த ஓலைக் குட்டானைத் தூக்கி ஒளிச்சுப்போட்டாள்.

நான் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினன்.

"இஞ்சாரும், ஒரு துணுக்குப் பனங்கட்டியாலை வருத்தம் கூடுமே?"

"இல்லை."

"அதோடை இன்னொரு துணுக்குச் சேர்த்தால்?"

"ஒரு துணுக்காலை என்ன வந்திடப்போகுது."

"அப்பிடியே சேர்த்துக்கொண்டு போனால் முழுத்துண்டும் வந்திடும். 'கொஞ்சம்' எங்கை முடியுதெண்டு ஆராலும் கோடு கீற ஏலாது."

நீங்கள் சொல்லுறது சரிதான் எண்டாள். கலியாணம் கட்டி அண்டுவரைக்கும் கேளாத சொல். அதிலையே நான் உசாராகியிருக்க வேணும். மடையன், பூரிச்சுப்போனன்.

அண்டையிலையிருந்து பனங்கட்டி ஒழுங்கா வந்தது. வகுப்பிலையும் வெண்ட சந்தோசப் புளுகத்திலை கூடப் படிப்பிச்சன். சில சொல்லுகளை உண்மை, பொய் எண்ட இரண்டு பெட்டிக்குள்ளை அடைக்க ஏலாது, 'ஓரளவு உண்மை' எண்டும் ஒண்டு இருக்கலாம் எண்டு சொல்லிக் குடுத்தன். வெயில் போய் மாரியும் வந்திட்டுது.

ஒரு பின்னேரம், தேத்தண்ணி பாதி குடிச்ச பிறகுதான் கையைப் பாத்தன். வெறுங்கை.

"எங்கையப்பா பனங்கட்டி?"

"நேற்றையிலும் பாக்க ஒரு துணுக்குத்தான் குறைவு" எண்டாள்.

நாளுக்கு நாள் சுரண்டியிருக்கிறாள் கள்ளி. கோவத்திலை வாயைத் திறந்தன். எந்த நாளைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறது? ஒவ்வொரு நாளும் முதல்நாள் மாதிரித்தானே இருந்தது.

"கோடு இல்லைத்தான்" எண்டாள். "அதுக்காக உங்கடை காலும் போகுமட்டும் பாத்துக்கொண்டிருக்க ஏலுமே? கோடில்லாத இடத்திலை ஆரோ ஒராள் கோடு போடத்தானே வேணும். நான் போட்டன்."

மிச்சத்தைக் குடிச்சு முடிச்சன். பெண்சாதிக்கு அடங்கினவன் எண்டு ஊரே என்னைச் சொல்லுது. தாலி கட்டேக்கை நான் அப்பிடி இல்லை, சத்தியமா இல்லை. அப்ப எந்த நாளிலை அப்பிடி ஆனன் எண்டு அவளிட்டையே கேட்டன்.

கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அது உங்களுக்குத் தெரியாத மாதிரித்தானே செய்தனான்."