நாற்பது சொல்லுக்கு எட்டு அறை

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு சற்று ஓய்வெடுத்துக்கொண்டு, கண்டியில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் மர்சூக் சேரின் 'நினைவு மாளிகை ஆங்கில வகுப்பை'க் கண்டுபிடித்தது. இடையில் நடந்தவை குறிப்பிடத்தக்கவை அல்ல. "வைத்த சொல் வைத்த இடத்தில் இருக்கும்" என்ற உத்தரவாதம் பெயர்ப்பலகையிலேயே இருந்தது.

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கலாராணி அதை முழுதாக நம்பினாள். வருகிற திங்கள் நகரத்து ஹோட்டல் ஒன்றில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. தவறினால் மறுபடியும் கொழுந்துக் கூடைதான்.

"கண்ண மூடுங்க. மனசால உங்கட வீட்டுக்குள்ள போங்க. அறைக்கு அஞ்சு இங்கிலிஷ் சொல்லு வைங்க. எட்டு அறை, நாப்பது சொல்லு."

"சேர், எங்களுக்கு லயத்துல ஒரே காம்பராதாங்க."

"அப்ப நாப்பதையும் அதுக்குள்ளயே வைங்க."

"ஆறு பேரு படுக்கணுமே சேர்."

விஞ்ஞானம் ஒரு கணம் திகைத்தது.

"தெரிஞ்ச பெரிய வீடு ஒண்டும் இல்லையா மகள்?"

"தொரை பங்களா இருக்குங்க. அம்மா அங்கதான் சமைக்கிறாங்க."

"மாஷா அல்லாஹ்! அதுதான் மாளிகை!"

அன்றே சொற்களின் குடியேற்றம் நடந்தது. அம்மியில் 'மெட்டிகுலஸ்', தேங்காய் திருவலையில் 'டெனேஷியஸ்', பாத்திரம் கழுவும் தொட்டியில் 'ரெசிலியன்ட்'. வரவேற்பாளருக்கே உரிய 'கோர்டியல்', 'கிரேஷியஸ்' வகையறாவை முன்மண்டபத்துச் சோபாவில் மரியாதையாக உட்கார வைத்தாள்.

திங்களன்று மூவர் குழு, விருந்தினரை எப்படி வரவேற்பாய் என்று ஆங்கிலத்தில் கேட்டது. கலாராணி கண்ணை மூடினாள். வழக்கம்போல் பங்களாவின் பின்கதவால் நுழைந்தாள். அம்மி, திருவலை, தொட்டி என்று சொற்கள் மணிமணியாக விழுந்தன. குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. மண்டபத்து வாசல் வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஏன் நிண்டுட்டீங்க? சொல்லுங்க" என்றார் குழுவிலிருந்த நப்லா மிஸ், தமிழிலேயே.

"சோபாவுல இருக்குங்க மிஸ்."

"என்னது?"

"மிச்சச் சொல்லு. எட்டிப் பாத்தா தெரியுது. ஆனா எங்காளுங்க அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

குழு ஆழ்ந்து ஆலோசித்தது. சமையலறை வரைக்கும் இவளுடைய ஆங்கிலம் அபாரம் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, ஹோட்டலில் பாத்திரம் கழுவும் பதவியை வழங்கியது.

மர்சூக் சேரின் பலகையில் இப்போது கலாராணியின் படம் சிரிக்கிறது. உத்தரவாதத்தில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. சேருக்கு முன்பே இதே வகுப்பைப் பங்களாக்காரர்கள் மலையில் தலைமுறை தலைமுறையாக நடத்திவருகிறார்கள். அங்கேயும், வைத்த ஆள் வைத்த இடத்தில்தான்.