தோற்கப் போன கமாரோ

பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீரைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனதற்குக் காரணம் பெண்ணல்ல, பெண்ணுடைய வாப்பாவின் வாய்.

மாத்தளையில் மிளகும் கராம்பும் மொத்த வியாபாரம் செய்யும் ஜவாஹிரிடம் ஒரு கமாரோ இருந்தது. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த கார். கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். பல்லேபொல பஸீர் ஹாஜியாரிடம் அதே காலத்து மஸ்டாங் இருந்தது. தரகர் பலீல் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அதனால்தான். இரண்டு வாப்பாமாருக்கும் ஒரே பைத்தியம், பேச்சுக்குக் குறைவிருக்காது என்றார்.

பேச்சுக்குக் குறைவிருக்கவில்லைதான். மாப்பிள்ளை நப்லான் பெண் ஷஸ்னாவிடம் என்ன கேட்டான், அவள் என்ன பதில் சொன்னாள் என்பதே அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தன் மஸ்டாங் நின்ற இடத்திலிருந்து புலி மாதிரிப் பாயும் என்று பஸீர் சொல்லிக்கொண்டிருந்தார். ஜவாஹிருக்குப் பொறுக்கவில்லை.

"பாயாது ஹாஜியார். உங்கட கார்ல எஞ்சின் பக்கம் மூணு சுத்துச் சுத்தினாத்தான் பின் டயர் ஒரு சுத்து. என்டதுல நாலுக்கும் மேல. புறப்படுற இழுவையில என்டத உங்களுக்குப் பிடிக்க ஏலாது."

"அப்ப என்ட கார் ஆமையா?"

"ஆமைன்னு சொல்லல்ல. தூரப் பயணத்துக்கு நல்லம்."

பஸீர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவர் குடும்பமும் எழுந்தது. ஆவி பறக்கும் கோப்பைகளும் ஜவாஹிரும் மட்டும் மிஞ்சினார்கள்.

உடனே போன் எடுத்து மன்னிப்புக் கேட்கும்படி மனைவி றம்லா சொன்னாள். ஜவாஹிர் கேட்டார். மனதாரத்தான் கேட்டார். ஆனால் கேட்ட கையோடு, இதில் பஸீருடைய குற்றம் எதுவுமில்லை, பின் அச்சின் பல் அமைப்பு அப்படி என்று விளக்கத் தொடங்கிவிட்டார். கியர் சைக்கிளில் மேடு ஏறும்போது ஒரு பல், சமதரையில் பறக்கும்போது ஒரு பல் மாற்றுகிறோமே, அதுபோலத்தான் இதுவும் என்றார். சைக்கிள் உதாரணம் முடிவதற்குள் மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அடுத்து தரகரைத் தூது அனுப்பினார். புறப்படும்போது கமாரோ முந்தும், ஆனால் நீண்ட ரோட்டில் மஸ்டாங்தான் ராஜா என்று பக்குவமாகச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். பலீல் முதல் பாதியைச் சொல்லி முடித்தபோதே பஸீர் கையை உயர்த்திவிட்டார். இரண்டாம் பாதி தரகரின் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

பலீல் திரும்பி வந்து பதிலைச் சொன்னார். ஞாயிறு காலை, பல்லேபொல வயல்களுக்கு நடுவே போகும் நேர் ரோட்டில் இரண்டு காரையும் நிறுத்திப் பார்த்துவிடலாமாம். வாய்க்கால் பாலத்திலிருந்து நெல் ஆலை வரைக்கும். அதற்குப் பிறகுதான் சம்பந்தப் பேச்சாம்.

ஜவாஹிரின் முகம் மலர்ந்தது. றம்லா அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க தோக்கணும்," என்றாள்.

"நானா?"

"மகளுக்காக."

மகளிடமும் கேட்டார்கள். உங்கள் விருப்பம் என்றாள் ஷஸ்னா. அதற்கு மேல் ஒரு வாப்பா என்ன செய்ய முடியும்? ஜவாஹிர் தோற்பதென்று முடிவெடுத்தார்.

எப்படித் தோற்பது என்பதுதான் சிக்கல். மெதுவாக ஓட்டித் தோற்க முடியாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எவ்வளவு மிதிக்கிறான் என்று சொல்லக்கூடியவர் பஸீர். விட்டுக்கொடுத்தது தெரிந்தால் ஆமை என்றதைவிடப் பெரிய அவமானமாகிவிடும். முழுசாக மிதிக்கவும் வேண்டும், பின்தங்கவும் வேண்டும். ஜவாஹிருடைய காரிலே இருந்த பல்லுக்கு அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்விட்டுப் புலம்பினார். அந்த வீட்டில் காரைப்பற்றி அவர் பேசினால் காது கொடுத்துக் கேட்பவள் ஷஸ்னா ஒருத்திதான். பிளேன்டிக் கோப்பையை நீட்டியபடி அவள் சொன்னாள்:

"பாரத்தை ஏத்துங்க வாப்பா. லோட் ஏத்தின லொறி எப்படி ஊர்ந்து போகுது? மிளகு மூட்டைய டிக்கியில போடுங்க, வெளியில தெரியாது."

ஜவாஹிருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்காகப் பிள்ளை எவ்வளவு யோசிக்கிறது. டிக்கி கொண்டமட்டும் மூட்டைகளை அடைத்தார். காரின் பின்புறம் தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்தது. மனம் நிறைந்தது.

ஞாயிறு காலை பாலத்தருகே இரண்டு கார்களும் உறுமிக்கொண்டு நின்றன. வயலில் நின்ற கொக்குகள் முன்கூட்டியே பறந்துவிட்டன. நப்லான் சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியை எடுத்துக் கொடிபோல வீசினான். ஜவாஹிர் பிஸ்மி சொல்லி, மனச்சாட்சிக்கு வஞ்சகமில்லாமல் தரையோடு மிதித்தார்.

வழக்கமாக அப்படி மிதித்தால் பின் டயர்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கும். இன்று ஒரு பொட்டுப் புகை இல்லை. கார் ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. ஜவாஹிரின் தலை சீட்டில் மோதியது. கண்ணாடியில் மஸ்டாங் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்து, "யா அல்லாஹ், வெல்றேனே," என்று முனகினார். காலை எடுக்கலாமென்றால் பஸீருக்குக் கேட்டுவிடும். நெல் ஆலை வந்தது. வென்றேவிட்டார்.

பஸீர் நிதானமாக வந்து இறங்கினார். தோற்ற முகமாகத் தெரியவில்லை. கமாரோவின் தாழ்ந்த பின்புறத்தைப் பார்த்தார். மோப்பம் பிடித்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார்.

"இது என்ன?"

"மிளகு."

"பின்னால பாரத்தை வச்சு டயரை ரோட்டோட அமத்தியிருக்கீங்க," என்றார் பஸீர். "உங்கட கார்ப் பல்லுக்கு இழுவை கூட. வெறும் காரா வந்திருந்தா டயர் வழுக்கிக்கிட்டு நின்னிருக்கும், நான் போயிருப்பேன். அத நம்பித்தான் நான் வந்ததே. சம்பந்தம் பேசுற இடத்துலயும் கள்ள வேலையா?"

தோற்பதற்காகத்தான் ஏற்றினேன் என்று சொல்லலாம். சொன்னால் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்க வந்தவராகிவிடுவார். ஜவாஹிர் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்தோடு பழகிய நாட்களில் அவர் வாயை மூடியிருந்தது அப்போதுதான், அதுவும் உதவவில்லை. மகனை ஏற்றிக்கொண்டு மஸ்டாங் போய்விட்டது. நீண்ட ரோட்டில் அழகாகத்தான் போனது.

வீட்டில் றம்லா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். சட்டிகள்தான் பேசின. ஜவாஹிர் கராஜில் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். வென்ற சந்தோஷம் எங்கோ ஒரு மூலையில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அதை வெட்கத்தோடு விரட்டினார். ஷஸ்னா வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிரு மகள். உண்மையாவே தோக்கத்தான் பார்த்தேன்."

"தெரியும் வாப்பா," என்றாள் ஷஸ்னா. "நீங்க தோத்திருந்தா நான் நப்லானைக் கட்டியிருக்கணும். அதான் மூட்டைய டிக்கியில போடச் சொன்னேன்."