ஸ்ரான்லியும் பதினான்காம் பிரிவும்

வெள்ளவத்தை வானொலி நிலையத்தில் ஸ்ரான்லி தன் முதல் வணக்கத்தைச் சொல்ல வாயைத் திறந்த நேரம், முகாமையாளர் சாரங்கன் கண்ணாடிக்கு அப்பால் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ஸ்ரான்லி ஒரு பாட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தான். அவர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

ஒன்பது வருடம் அவன் காலை நிகழ்ச்சி நடத்திய பழைய நிலையத்தின் கடிதம். ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவின்படி, விலகிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு அவன் போட்டித் தொழில் எதிலும் எந்த வேலையும் செய்யக்கூடாதாம்.

"நீர் இதை வாசிக்கேல்லையோ?"

"எட்டுப் பக்கம் சேர், முழுக்க இங்கிலிஷ். சைன் பண்ணச் சொன்ன இடத்தில சைன் பண்ணினனான்."

அவனுடைய ஒப்பந்தப் பிரதி வீடு மாறியபோது தொலைந்துபோயிருந்தது.

பெயரை மாற்றினால் போதும் என்றார் சாரங்கன். மறுநாள் காலை ஸ்ரான்லி 'உங்கள் நிக்கலஸ்' ஆகி முதல் அழைப்பை எடுத்தான். ஜிந்துப்பிட்டியிலிருந்து ஓர் அம்மா. ஸ்ரான்லி தம்பி ஏன் பேரை மாத்தினது, பொலிஸ் ஏதும் தேடுதோ என்று நாடே கேட்க அக்கறையாக விசாரித்தார்.

பின்னேரமே இரண்டாவது கடிதம் வந்தது, சட்டத்தரணியின் முத்திரையோடு. சாரங்கன் அவனை ஒலிவாங்கி முன்னாலிருந்து எழுப்பி, உள்ளறையில் நிகழ்ச்சிப் பிரதி எழுத வைத்தார். பிறகு 'எந்த வேலையும்' என்ற சொற்களை மறுபடி பார்த்தார். பேனையையும் வாங்கி வைத்துக்கொண்டு, வருடம் முடிய வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஸ்ரான்லிக்கு உலகமே நின்றுபோனது. பேசாமல் அவனால் ஒரு மணித்தியாலம் இருக்க முடியாது. மனைவி ஷெரோமியால் அவன் பேசுவதை ஒரு நாள் முழுக்கக் கேட்கவும் முடியாது. மூன்றாம் நாளே அவள் அவனைக் கொட்டாஞ்சேனையில் பேக்கரி வைத்திருந்த தம்பி பிறெடியிடம் கொண்டுபோய் விட்டாள்.

"இங்க உங்கள ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது அத்தான்" என்றான் பிறெடி.

அது உண்மைபோலத்தான் இருந்தது. ஸ்ரான்லி இஞ்சி பிஸ்கட் சுடப் பழகினான். தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் கவுண்டரில் நின்று, காலைச் செய்தி வாசிக்கிற குரலில் அறிவித்தான். கோயில் முடிந்து வந்த சனம் வரிசையில் நின்றது. இரண்டு மாதத்தில் பிறெடி, ஸ்ரான்லியின் சிரித்த முகம் அச்சடித்த பைக்கற்றுகளைக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கினான்.

அப்போதுதான் மூன்றாவது கடிதம் வந்தது. பழைய முதலாளியே கையெழுத்திட்டிருந்தார். அதே பதினான்காம் பிரிவு. உடனே நிறுத்தாவிட்டால் வழக்கு.

ஸ்ரான்லி மாவுச் சாக்கின்மேல் இருந்துவிட்டான். கவுண்டரில் நின்று கூவினாலும் ஒலிபரப்புத்தானா? அன்றிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் கையால் சைகை காட்டி, இன்னும் கூடுதலாக பிஸ்கட் சுட்டான். அவனுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது என்று கதை பரவி, ஞாயிறு பூசையில் அவனுக்காக மன்றாடினார்கள். பிஸ்கட் இரண்டு மடங்கு விற்றது. பின்னாலேயே நான்காவது கடிதமும் வந்தது.

கடைசியில் அவன் சட்டத்தரணி ஸஹாப்தீனிடம் ஓடினான். அவர் எழுதிக் கேட்டு, ஒப்பந்தத்தின் பிரதியை எடுப்பித்தார். அது வந்த அன்று அவர் நீதிமன்றத்தில் இருந்தார். கந்தோரில் எழுதுவினைஞர் நுஹா மட்டும்தான் இருந்தாள். ஸ்ரான்லி எதிரே இருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பதினான்காம் பிரிவை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். முதல் பக்கத்துக்குப் போய், அது அவனுடைய ஒப்பந்தம்தானா என்று பெயரையும் சரிபார்த்தாள்.

"சேர், இத உங்கட பழைய முதலாளிட பிஸ்கட் கொம்பனிப் பேப்பரப் பாத்து அப்படியே அடிச்சிருக்காங்க" என்றாள் நுஹா. "நீங்க எந்த ரேடியோவிலயும் கதைக்கலாம், ஒரு வருஷத்துக்கு பிஸ்கட் மட்டும்தான் சுடக் கூடாது."