கேட்டு மாமா பூட்டாத கதவு

கதவு என்கிற சாமானை உலகத்திலேயே அதிகமாக வெறுத்த மனுசன் எங்கள் கேட்டு மாமாதான். கம்பம் ரோட்டில் எங்கள் ஊர் சினிமாக் கொட்டகை கேட்டில் நின்று டிக்கெட் கிழித்ததால் வந்த பேர். நிஜப் பேர் கொட்டகை முதலாளிக்கே தெரியாது. டாக்டரிடம் இடுப்பில் ஊசி போடப் போனவர், "கதவு தெறந்தே கெடக்கட்டும்" என்று அடம்பிடித்துவிட்டார். சந்தைக்குப் போன பாதி ஊர் அன்றைக்குப் பார்க்கக் கூடாததைப் பார்த்தது.

சிரிக்கலாம்தான். காரணம் தெரிந்தவர்கள் பாதியிலேயே நிறுத்திக்கொள்வார்கள்.

கொட்டகைக்கு அப்போது கீற்றுக் கூரை. பொம்பளைகள் பக்கம் தனி வாசல். ஓசியில் யாரும் நுழையாமலிருக்க, படம் தொடங்கியதும் அதை வெளியே தாழ் போட்டுவிட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. ஒரு மேட்னி ஆட்டத்தில் மாமா தாழைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். கூரையில் தீப்பிடித்துக்கொண்டது. ஓடிவந்து திறப்பதற்குள் நெரிசலில் ஒரு உயிர் போய்விட்டது. பாஸில் படம் பார்க்க வந்த அவருடைய பொண்டாட்டி அது.

அதோடு படம் காட்டுவது நின்றது. முதலாளி தகரம் போட்டு பருத்தி குடோன் ஆக்கினார். காவலுக்கு மாமா. மற்றக் கதவையெல்லாம் வேண்டாவெறுப்பாகப் பூட்டுவார், பொம்பளைகள் பக்கத்துக் கதவை மட்டும் தொடமாட்டார். பருத்திக்கொட்டை தின்றே எங்கள் தெரு ஆடுகள் கன்றுக்குட்டி சைசுக்கு வளர்ந்தன.

"ஏலே, பூட்டாம என்னத்தடா காவல் காக்குற?"

"நான் கெடக்கேன்ல மொதலாளி" என்று வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வார். ஆடுகள் அவரைத் தாண்டிப் போகும்.

அடுத்து உர குடோன். திறந்த வாசலில் சாரல் அடித்து மூட்டையெல்லாம் பாறையாக இறுகிவிட்டது. உரம் வாங்க வந்தவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

அதற்கும் பிறகு ஏலக்காய் குடோன். அங்கேதான் நான் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஏலக்காய் என்றால் சும்மாவா? முதலாளி அந்தப் பழைய கதவைப் பிடுங்கிவிட்டு ஷட்டர் மாட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்.

"அந்தக் கெழடு மறிச்சான்னா, இன்னைக்கே பொட்டியக் கட்டச் சொல்லு."

மாமாவுக்கு அந்தக் குடோனை விட்டால் போக்கிடம் கிடையாது. சாயங்காலம் ஷட்டரை இழுக்கப் போனேன். மாமா வந்து நின்றார். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், கெஞ்சினார்.

"பூட்டிக்க தம்பி. உள்ள யாரும் இருக்காகளான்னு ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேன்."

மூட்டையைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லையென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போனார். பொம்பளைகள் பக்கமாக இருந்த இடத்தில் மூட்டைக்கு மூட்டை நின்று, "ஆத்தா, யாராச்சும் இருக்கீகளா? கதவு தெறந்துருக்கு, வந்துருங்க" என்று கூப்பிடுவது வாசல்வரை கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளி சைக்கிளில் வந்து இறங்கினார். "என்னடா, இன்னுமா பூட்டல?"

"உள்ள ஆள் இருக்காக மொதலாளி. வெளிய வந்ததும் பூட்டுறேன்" என்றேன்.

முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும். சாவியை மடியில் வைத்துக்கொண்டு மாமா வெளியே வருகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மட்டுமில்லை, மாமா உயிரோடு இருந்தவரைக்கும் தினமும்.