மோரின் மேற்பரப்பு

மார்ச் 9, திங்கள். இன்று ஒரு சிறு தவறு. சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்க, பத்தாயிரத்தால் வகுக்காமல் நூறால் வகுத்துவிட்டேன். அந்தக் கணக்குப்படி எங்கள் பூனை மோரின் தோலை விரித்தால் எங்கள் ஹால் முழுவதையும் மூடிவிடும்.

டைரியில் எழுதியதைத் தானே படித்துப் பார்த்த சுபிக்ஷா தலையில் அடித்துக்கொண்டாள். ஜாதவ்பூரில் மாலை வகுப்புக்குப் போய்க் கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பு படிக்கிறவள் இப்படியா பிழை செய்வாள்?

வெள்ளைப் பூனை மோருக்குப் புற்றுநோய். நாளை அடுத்த ஊசி. பூனையின் எடையிலிருந்து உடம்பின் பரப்பைக் கணக்கிட்டு, அதற்கேற்ப மருந்து கலப்பார்கள். கூடினால் விஷம், குறைந்தால் வீண். கிளினிக் தராசில் இப்போதெல்லாம் மோர் நிற்பதில்லை என்பதால், காலையில் கலப்பதற்குள் வீட்டு எடையைச் சொல்லும்படி டாக்டர் கேட்டிருந்தார்.

வீட்டு மெஷினிலும் அது நிற்கவில்லை.

"எடை எதுக்குடி? பரப்பையே நேரா அளந்துடேன்" என்றாள் அம்மா அலமு.

சுபிக்ஷா செய்தித்தாளைப் பூனைமேல் சுற்றினாள். ஒரு பக்கமும் கொஞ்சமும் பிடித்தது. மோர் விளையாட்டுச் செய்திகளோடு பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டது.

அப்பா ஸ்ரீனிவாசராகவன் தயிரைக் காட்டி வெளியே வரவழைத்தார். "நான் தூக்கிண்டு மெஷின்ல ஏறறேன். என் வெயிட்டைக் கழிச்சுடு."

"அப்போ முதல்ல நீங்க தனியா ஏறுங்கோப்பா."

"எதுக்கு? போன மாச செக்கப் ரிப்போர்ட்ல எழுபத்தொண்ணரைன்னு இருக்கே. லேப் என்ன பொய்யா சொல்லும்? அதுக்கப்புறம் தினம் லேக்கைச் சுத்தி நடக்கறேன்."

மோரைத் தூக்கிக்கொண்டு ஏறினார். எழுபத்தாறு.

"நாலரை கிலோ!" சுபிக்ஷா துள்ளினாள். "போன தடவை மூணுதான்! அம்மா, மருந்து வேலை செய்யறது!"

அலமு கையைக் கூப்பினாள். உடனே பாயசம் காய்ச்சினாள். "டயட்டாவது ஒண்ணாவது, இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று அப்பா இரண்டு டம்ளர் குடித்தார்.

சுபிக்ஷாவுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. மோரின் முதுகெலும்பு இன்னமும் கையில் தட்டுப்பட்டது. "இன்னொரு தடவை பார்த்துடலாம்பா."

எழுபத்தாறு புள்ளி நாலு.

"ஐயோ பெருமாளே, நின்ன இடத்திலேயே ஏறறதே!" என்று அலமு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா, எல்லாம் என் கைராசி!" என்றார் அப்பா, மெஷினை விட்டு இறங்காமலே.

சுபிக்ஷா டாக்டரின் எண்ணை அழுத்தப் போனாள். அழைப்பு மணி அடித்தது. கீழ் ஃபிளாட் மேக்னா, கையில் எண்ணெய் படிந்த காகிதப் பையோடு நின்றாள்.

"காகு, ஏரிக்கரைக் கச்சூரிக் கடைக்காரர் கொடுத்தனுப்பினார்" என்றாள் அப்பாவிடம், பெங்காலியில். காகு என்றால் சித்தப்பா. "ஒரு மாசமா தினம் ஒரு தட்டு கச்சூரியும் ஜிலேபியும் சாப்பிடற மதராஸி காகு, இன்னிக்கு ஜிலேபியை மறந்துட்டுப் போயிட்டாராம்."

சுபிக்ஷா ஃபோனைக் கீழே வைத்துவிட்டு டைரியில் எழுதினாள். நாளை காலை: முதலில் அப்பாவைத் தனியாக நிறுக்க வேண்டும். பிறகு மோரோடு. கழித்துப் பார்த்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.