இருபத்தொன்றாவது தட்டு

போடிநாயக்கனூர்
27-12-1982

என் மதிப்புக்குரிய மாமா வீரணன் அவர்களுக்கு, மைத்துனன் பால்சாமி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் என்னுடைய மூன்று பேஸ் கிதார்களும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் சுகம். அங்கே நீங்களும் அக்கா ராமுத்தாயும் பொன்னுமணியும், உங்கள் வீட்டில் சிக்கிக் கிடக்கும் என்னுடைய மூன்றாவது ஆம்ப்ளிஃபயரும் சுகமா என்று அறிய ஆசை. மேலே பனி கடுமை என்று ஜீப்பு ராக்கையா சொன்னார். காதைக் கட்டிக்கொண்டு ஏலக்காய் எடுக்கப் போகும்படி அக்காவிடம் சொல்லவும். ஆம்ப்ளிஃபயரை ஈரச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைக்கவும்.

வழக்கம்போல இதைப் பொன்னுமணிதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். கண்ணு, உன் மாமன் இதில் கொஞ்சம் சங்கடமான விஷயம் எழுதியிருக்கிறேன். பாதியை முழுங்காமல் வாசி. உன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மாமா, விஷயம் இதுதான். வருகிற மாட்டுப் பொங்கலன்று சிலமலையில் எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. அதற்கு அந்த ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அது சீராகக் கொடுத்த பொருள் அல்ல, தவறிப்போய்ச் சீரில் சேர்ந்த பொருள். இதை நேரில் சொன்னபோது நீங்கள் காதில் வாங்கவில்லை. ஆகவே நடந்ததை ஆதியோடந்தமாக எழுதுகிறேன்.

பொன்னுமணிக்குச் சடங்கு வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நான். பெரியவளான பிள்ளைக்கு வேண்டியது முட்டையும் கீரையும் பள்ளிக்கூடமும். நாமோ குச்சு கட்டி மூலையில் உட்கார வைத்து, அவள் உடம்பில் நடந்ததை ஊர் முழுக்கச் சொல்லிப் பந்தி வைக்கிறோம். பையன்களுக்கு மீசை முளைத்தால் யாராவது பந்தல் போடுகிறார்களா? இதைக் கேட்டதற்கு நீங்கள், "ரெண்டு எழுத்துப் படிச்ச கொழுப்புடா மாப்ளே" என்றீர்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் நான் சீர் சாமான் வாங்கக் கடைக்குப் போனேன். என் கொள்கை அவ்வளவு நாள்தான் தாங்கும்.

சீர்த் தட்டுகள் இருபத்தொன்று. ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று அம்மா மூன்று முறை எண்ணி ஜீப்பில் ஏற்றினாள். மறுநாள் போடிமெட்டில் ஒரு கல்யாணத்துக்கு நான் வாசிக்க ஒத்துக்கொண்டிருந்ததால், ஜீப்பின் பின்பக்கம் ஆம்ப்ளிஃபயரையும் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினேன். நான் செய்த குற்றம் இது ஒன்றுதான். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு பெருமூச்சு விட்டு நின்றது. ராக்கையா தண்ணீர் ஊற்ற இறங்கினார், நாங்களும் காலாற இறங்கினோம், அந்த நேரத்தில் குரங்குகள் வந்து வாழைப்பழத் தட்டில் கை வைத்தன. பழம் போனதைக்கூட மன்னிக்கலாம். தட்டையும் இழுத்துச் சரிவில் உருட்டிவிட்டன. அது டங் டங் என்று பள்ளம் முழுக்கச் சொல்லிக்கொண்டே போனது. ஆக, எஸ்டேட் கேட்டில் வந்து இறங்கும்போது தட்டு இருபது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள். மாமா, மாலையைப் போட்டு என்னை முன்னால் நிறுத்தியது யார்? "தாய்மாமன் திரும்பிப் பாத்தா சீருக்கு ஆகாது" என்று என் கழுத்தைப் பிடித்து நேராக வைத்தது யார்? நீங்கள்தான். நானும் எனக்கு முன்னால் போன கொட்டுக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன். எனக்குப் பின்னால் அம்மா தட்டு எண்ணியிருக்கிறாள். ராக்கையா பிற்பாடு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இருபதுல நிக்குதே ராக்கையா. ரெட்டைப்படைல போனா சம்பந்தக்காரன் சிரிப்பானே."

"தேங்காய்த் தட்டுல பாதியப் பிரிச்சு வச்சிருவமா ஆத்தா?"

"எதுல வைக்க? உன் தலையிலயா? தட்டத்தான் கொரங்கு கொண்டுபோயிருச்சே. அந்தத் தார்ப்பாயிக்குள்ள என்ன?"

"பால்சாமி பொட்டி."

"தூக்குங்கப்பா."

நாற்பத்திரண்டு கிலோ பெட்டி. பதினைந்து அங்குல ஸ்பீக்கர். இரண்டு பேர் அதைப் பல்லக்கு மாதிரி தூக்கி வந்திருக்கிறார்கள். உங்கள் வாசலில் நின்று, இனி திரும்பலாம் என்று எல்லாரும் அனுமதி தந்த பிறகு திரும்பிப் பார்க்கிறேன், நான்கு குமிழுக்கும் சந்தனம் குங்குமம், கைப்பிடியில் கதம்பம். நான் வாய் திறப்பதற்குள் சீர் வாசிக்கிற பெரியவர், "தாய்மாமன் சீர், பாட்டுப்பெட்டி ஒண்ணு" என்று கத்திவிட்டார். குலவை போட்டுவிட்டார்கள். குலவை போட்ட பிறகு எந்த நியாயம் செல்லும்?

போன வாரம் நேரில் வந்து கேட்டபோது நீங்கள் எனக்குக் கறிச்சோறு போட்டீர்கள். பெட்டியை மட்டும் தரவில்லை. "சபையில வாசிச்ச சீரத் திருப்பிக் குடுத்தா நாளைக்கு எம் பிள்ளைய எவன் மாப்ளே கட்டுவான்?" என்றீர்கள். கட்டாவிட்டால் நல்லது, படிக்கட்டும் என்றேன். அக்கா அகப்பையை ஓங்கினாள். அத்தோடு நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். "சீருப் பொருளு ஒரு மண்டலத்துக்குள்ள பொழங்கணும். சும்மா கெடந்தா பிள்ளைக்கு ஆகாது." மாமா, நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேட்கிறேன். கரண்டு இல்லாத வீட்டில் அது எப்படிப் புழங்கும்? இப்போது அதன் மேல் முருகன் படமும் காமாட்சி விளக்கும் இருக்கின்றன. எண்ணெய் வழிந்து உள்ளே இறங்கினால் முருகனே வந்தாலும் ரிப்பேர் பார்க்க முடியாது.

உங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் கரண்டு ஏன் இல்லை என்று யோசித்திருக்கிறீர்களா? பங்களாவில் நாய்க்கூண்டுக்குப் பல்பு எரிகிறது. நீங்கள் விறகு போட்டு ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் ஆறு டியூப் லைட். காய்க்கு வெளிச்சம், காய் எடுத்தவளுக்கு மண்ணெண்ணெய்ப் புகை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் மூன்று மனு எழுதிக் கையெழுத்து வாங்க வந்தேன். பன்னிரண்டு வீட்டில் ஒரு வீடுகூடப் போடவில்லை, என் கையெழுத்தோடு மட்டும் மானேஜரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். "எழுதிக் குடுத்துட்டு நீ கீழ போயிருவ மாப்ளே, நாங்கல்ல இங்க இருக்கணும்" என்று சொன்னது நீங்கள்தான். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதில் உண்மை இருந்தது என்று இப்போது தெரிகிறது. அதனால் கோபம் குறையவில்லை. யார் மேல் என்பதுதான் மாறியிருக்கிறது.

மிச்சம் இரண்டு பெட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒன்று டூரிங் கொட்டகை மூடியபோது வாங்கியது. பேஸ் கம்பியைத் தட்டினால் ஸ்பீக்கர் தாள் அதிர்ந்து சளி பிடித்த கிழவர் இருமுவது போலக் கேட்கும். இன்னொன்று வால்வு செட்டு. இரண்டு பாட்டுக்குள் சூடேறி அப்பளம் பொரிகிற வாசனை வரும். மூன்றாவதுதான் உருப்படி. மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முதலாளி மகன் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு மாதத்தில் சலித்து, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தான். நான் எட்டு மாதம் ஏலக்காய்க் கமிஷன் கடையில் சல்லடை ஆட்டி அதைக் கொண்டுவந்தேன். எனக்குப் பீடி இல்லை, சீட்டு இல்லை. எங்கேயாவது ஒரு பேஸ் கிதார் கழுத்து வளைந்து கிடக்கிறது, ஒரு ஆம்ப்ளிஃபயர் ஊமையாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் பஸ்சு ஏறிவிடுவேன். கொண்டாந்து துடைத்து, கம்பி மாற்றி, அது முதல் தடவை வாய் திறக்கும்போது கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் பைத்தியம்.

சிலமலை அம்மா பிறந்த ஊர். போன தடவை அங்கே என் நாலு கம்பிப் பேஸ் கிதாரை எடுத்ததும் ஒருத்தன், "என்ன மாப்ளே, ஆறு கம்பில ரெண்ட வித்துத் தின்னுட்டியா?" என்றான். கூட்டம் சிரித்தது. இருமுகிற பெட்டியோடு வாசித்தேன், ஒரு நோட்டும் வெளியே கேட்கவில்லை. பாட்டு முழுதும் கீழே நின்று தாங்குகிறவன் நான். கைதட்டல் மேலே துள்ளுகிறவனுக்கு. உங்கள் எஸ்டேட் கணக்கும் இதேதான். இந்தப் பொங்கலுக்கு, ஒரே ஒரு தடவை, அவர்கள் நெஞ்சாங்கூட்டில் அது தட்ட வேண்டும். பெரிய பெட்டியோடு வா, இல்லாவிட்டால் முன்வரிசையில் உட்கார்ந்து கேள் என்று குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆகவே மாமா, பதின்மூன்றாம் தேதி ராக்கையா ஜீப்பில் பெட்டியை ஏற்றி அனுப்பவும். பதிலுக்குப் பொன்னுமணிக்கு ஒரு நல்ல டிரான்சிஸ்டர் வாங்கித் தருகிறேன். அதைச் சீராக வாசித்துக் குலவை போட்டுக்கொள்ளவும். கண்ணு, நீ லீவு முடிந்ததும் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேள்விப்பட்டால் உன் அப்பாவுக்கு அடுத்த கடிதம் இதைவிட நீளமாக வரும் என்பதையும் வாசித்துக் காட்டு.

அக்காவின் காலுக்கு வணக்கம், உங்கள் கைக்கு வணக்கம், பொன்னுமணி தலைக்கு என் ஆசி. மலை இறங்கும் காற்று உங்கள் எல்லாருடைய சுகத்தையும் சுமந்து வரட்டும், ஜீப்பு பெட்டியைச் சுமந்து வரட்டும்.

இப்படிக்கு
பெட்டியைப் பிரிந்து வாடும்
பால்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி ராக்கையாவிடம் கொடுக்கப் போனேன். அவர் மேலேயிருந்து அப்போதுதான் இறங்கி நின்றார். "பொட்டியா? அதுக்குக் கரண்டு வந்துருச்சேப்பா" என்றார். உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

மாமா, நீங்கள் செய்த வேலையை எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? மண்டலம் முடிவதற்குள் சீர்ப்பொருள் புழங்கணும் என்று லைன் பெண்கள் அத்தனை பேரும் காய் எடுக்கப் போகாமல், கொட்டோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குள் போனார்களாமே. "கரண்டு இருக்குற எடத்துல சீரு இருக்கட்டும், நாங்களும் கூட இருக்கோம்" என்று அக்கா காய்ப் பரப்பின் நடுவில் உட்கார்ந்துவிட்டாளாமே. மலையாளத்து மானேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு, "எந்தா இது, ஸ்டோரா அம்பலமா? வயர் வலிச்சுத் தராம், பெட்டிய எடுத்தோண்டு போ" என்றாராம், இது ஸ்டோரா கோயிலா, வயர் இழுத்துத் தருகிறேன் என்று. உங்களுக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த வீட்டுச் சீர் வரும் என்று பயந்து பன்னிரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பல்பாம். என் மூன்று மனுவும் மானேஜரின் எந்த அலமாரியில் கிடக்கின்றனவோ. நான் நேராகப் பார்த்து நடந்தேன், அம்மா தட்டை எண்ணினாள், கரண்டு வந்துவிட்டது. இதை நான் யாரிடம் சொல்லி அழ?

பெட்டியைப் போட்டதும் என்ன கேட்டது என்று ராக்கையாவிடம் கேட்டேன். "பாட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. 'ம்ம்ம்'னு ஒரே சத்தம். எல்லாரும் கும்பிட்டுட்டுப் போனாங்க" என்றார். மாமா, அது எர்த் இல்லாத சத்தம். நான் வந்து எர்த் அடிக்கும்வரை ஈரக்கையோடு யாரும் அதைத் தொட வேண்டாம். விளக்கையும் முருகனையும் இறக்கி வைக்கவும். நான் தட்டுகிற முதல் கம்பிக்கு அவர் கீழே குதித்துவிடுவார்.

பெட்டியை அனுப்ப வேண்டாம். அது கீழே வந்தால் வயரும் பின்னாலேயே போய்விடும். சிலமலைக் கச்சேரிக்கு என் பேஸை ஆர்கன்காரனை இடது கையால் சமாளிக்கச் சொல்லிவிடுகிறேன். மாட்டுப் பொங்கலுக்கு நான் அங்கே வருகிறேன், கிதாரோடு. பன்னிரண்டு வீடும் கேட்கட்டும்.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "பொட்டியோட இருபத்தொண்ணு. கிதாரும் சேந்தா இருபத்திரண்டாயிரும்ல?" என்றாள். இதிலெல்லாம் எனக்கு ஒரு துளி நம்பிக்கை கிடையாது மாமா. இரண்டு கிதார் கொண்டுவருகிறேன்.